முகில் திரளுமுன்

சித்திரை மாதத்திற் காலை வானம் தெளிந்திருக்க, பிற்பகலில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இடிமழை கொட்டுவதை நாம் அறிவோம். அம்மழைக்குரிய ஈரத்திற் பெரும்பங்கு காலையிலேயே காற்றில் உண்டு. நம் கண்ணுக்குத்தான் புலனாவதில்லை. செய்மதி அதனை அளக்கின்றது.

பொருள்கள் யாவும் தத்தம் வெப்பநிலைக்கேற்பக் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர்களை வீசுகின்றன. வளியிலுள்ள காபனீரொட்சைட்டு 15 மைக்கிரோனை அடுத்த அலைநீளங்களை வலுவாக உறிஞ்சும். ஆதலின் அங்கே செய்மதியை எட்டுவது உயர்வளியின் கதிரே. அலைநீளம் சற்று விலக விலக உறிஞ்சல் குறைந்து, தாழ்ந்த படைகளின் கதிரும் மேலே தப்பிவரும். பல அலைநீளங்களில் அளந்தால் வெப்பநிலையைப் படைபடையாகக் கணித்தறியலாம். இவ்வாயு எங்கும் ஏறத்தாழ ஒரே விகிதத்திற் கலந்திருப்பது நமது நற்பேறு என்றே சொல்லவேண்டும். நீராவி அவ்வாறன்று, இடத்துக்கிடம் மாறுவது. வெப்பநிலை தெரிந்தபின், 6 முதல் 7 மைக்கிரோன் வரையுள்ள கதிர் அதன் அளவை உணர்த்தும்.

1969இல் நிம்பசு-3 இம்முறையை விண்ணிலிருந்து செய்து காட்டியது. 2013இல் ஏவப்பெற்ற இந்தியாவின் இன்சாற்-3டீ, கிழக்கு நெடுங்கோடு 82 பாகையில், ஏறக்குறைய நம் தலைக்குமேல் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தப்பெற்று, 18 செந்நிறக்கீழ் அலைவரிசைகளில் அளந்தது.

ஆயினும் அடர்முகில் இக்கதிரை மறைத்துவிடும். 2016 மே மாதத்திற் களனி கங்கை பெருகியதுபோன்ற நாட்களில், முகிலின் உச்சிக்குக் கீழுள்ளது இக்கருவிக்குத் தெரியாது. அப்பொழுது நுண்ணலைக் கருவியும் பலூனுமே துணை.