இருவகை அளவும் ஒரு திருகாணியும்

நீதிமொழிகள் ஆகமம் ஒருவனிடத்தில் இருவகைப் படிக்கற்கள் இருத்தலைக் கண்டிக்கின்றது. அங்கே காரணம் வஞ்சகம். மோட்டார் வண்டியிலோ வஞ்சகர் எவருமில்லாமலே, ஒரே வண்டியில் சில திருகாணிகள் அங்குலத்திலும் சில மில்லிமீட்டரிலும் அமைந்து, பழுது பார்ப்பவனை அலைக்கழிக்கின்றன. இரண்டும் பெரிதும் வேறுபடுமாயின் கேடில்லை. கை உடனே அறிந்து விலகும். ஏறத்தாழ ஒத்திருப்பதே கேடு.

ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்; ஆகவே அரை அங்குலம் 12.7. அவ்வளவுடைய தலையின்மேல் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் எளிதில் ஏறும். இறுகிய திருகாணியில் வலிந்து திருப்பினாலோ அறுகோணத்தின் முனைகள் மழுங்கிப் போம். முக்கால் அங்குலம் 19.05 ஆதலின், 19 மில்லிமீட்டர் ஸ்பானர் அதில் நன்றாகவே பொருந்தும். இந்த நல்ல பொருத்தமே மாணாக்கனைக் கெடுக்கின்றது. ஓரிடத்தில் ஒத்தது எங்கும் ஒக்குமென்று துணிகின்றான்.

தலை மழுங்குதல் சிறு நட்டம். புரியில் நேரும் பிழையே பெரிது. 5/16 அங்குலத் திருகாணியின் குறுக்களவு 7.94 மில்லிமீட்டர், எட்டு மில்லிமீட்டர்த் திருகாணிக்கும் அதற்கும் மயிரிழையே வேற்றுமை. ஆயின் அங்குலத்துக்கு 24 புரியுடையதில் ஒரு புரிக்கும் அடுத்ததற்கும் இடை 1.058 மில்லிமீட்டர், எட்டு மில்லிமீட்டர்த் திருகாணியில் வழக்கமாக 1.25. ஒன்றன் துளையில் மற்றொன்றைச் செலுத்தினால் ஓரிரு சுற்று இசைந்து சென்று பின் இறுகும். துரு என்றெண்ணி ஸ்பானரை எடுப்பவன், துளை அலுமினியத்திலாயின், புரி முழுவதையும் சீவி விடுவான்.

இக்குழப்பம் எவ்வாறு பிறக்கின்றது என்பதற்கு மாரிஸ் வண்டிகளின் வரலாறு நல்ல சான்று. முதல் உலகப் போரின்போது பிரான்சு தேசத்து ஹாட்ச்கிஸ் கம்பெனியார் இங்கிலாந்தில் கவெண்ட்ரி நகரில் ஒரு தொழிற்சாலை நிறுவினர். போருக்குப்பின் அங்கே மாரிஸ் வண்டிகளுக்கு எஞ்சின் செய்யப்பட்டது. 1923-ல் வில்லியம் மாரிஸ் அதனை விலைக்கு வாங்கினார். அங்கிருந்த இயந்திரங்களோ மில்லிமீட்டர்ப் புரி வெட்டுவன. அவற்றை மாற்றுதல் பெருஞ்செலவு. ஆங்கிலப் பட்டறைகளிலோ இருந்தவை விட்வொர்த்து ஸ்பானர்கள். ஆகவே புரியை மில்லிமீட்டரில் விட்டு, தலையை மட்டும் விட்வொர்த்து அளவில் அமைத்தனர்! 1945 முதல் 1949 வரை செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. வண்டியின் எஞ்சினிலும் இதுவே முறை. ஸ்பானர் செவ்வனே பிடிக்கும். உடலோ எட்டு மில்லிமீட்டர், புரியிடை ஒரு மில்லிமீட்டர். தலையை நம்பி அங்குலத் திருகாணி வாங்கி வருபவனை நான் குறை கூறேன்.

நம் நாட்டு அம்பாசடரும் விலக்கன்று. மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அவ்வண்டி அங்குல மரபில் பிறந்தது; 1990-களில் அதற்குள் ஜப்பானிய இசூசு எஞ்சின் மில்லிமீட்டரோடு புகுந்தது.

பிரேக்குக் குழாயில் மாத்திரம் இது விளையாட்டன்று. அங்கே 3/8 அங்குல நட்டும் பத்து மில்லிமீட்டர் நட்டும் வழங்குகின்றன. முன்னதன் குறுக்களவு 9.53 மில்லிமீட்டரே. பத்து மில்லிமீட்டர்த் துளையில் அது புரியின் நுனியை மட்டும் பற்றி, இறுகியதுபோல் தோன்றும். பிரேக்கை அழுத்துங்கால் எண்ணெயின் அழுத்தம் அதனைப் பிடுங்கி எறியக்கூடும். அவ்வேளை வண்டி நின்றுகொண்டிராது.

எனவே எத்திருகாணியையும் முதலில் விரலாலேயே செலுத்துக; விரலுக்கு இசையாதாயின் வெளியே எடுத்து, புரியின்மேல் அளவுகோலை வைத்துப் பத்துப் புரியிடைகளை அளக்க. பத்து மில்லிமீட்டராயின் புரியிடை ஒரு மில்லிமீட்டர், பன்னிரண்டரையாயின் 1.25, பத்தரைக்குச் சற்று மேலாயின் அஃது அங்குலத்துக்கு 24 புரியுடையது.