பீடி விடுத்தோனின் முதல் வாரம்



நமது ஞாயிறு வகுப்பில் வேட்கை என்னும் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த வாலிபர் ஒருவர் எழுந்து, "ஐயா, உலக வேட்கை ஒழிவது இருக்கட்டும், பீடி வேட்கையை மூன்று நாள் தாங்குவதற்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்றார். சிலர் நகைத்தனர். எனக்கு நகை தோன்றவில்லை. அவர் நான்கு முறை விட்டு, நான்கு முறையும் மூன்றாம் நாளிலே தோற்றவர். பேசும்போதே அவர் மார்பில் சளி கரகரத்தது. வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை ஒன்று உண்டு. அன்று நேரமின்மையால் சுருக்கமாகச் சொன்ன விடையை இங்கே விரித்து எழுதுகின்றேன்.

நானும் இவ்வழியில் விழுந்து எழுந்தவனே. நூற்பாலையில் வேலை பார்த்த காலத்தில் நாளொன்றுக்கு ஒரு கட்டுப் பீடி எனக்குப் போதாது. பிரசங்கம் செய்யத் தொடங்கிய பின்னரும் அது என்னை விடவில்லை. அன்பர்களுக்குப் பஞ்சசீலம் சொல்லிவைத்துவிட்டு, மண்டபத்தின் பின்புறம் சென்று பற்றவைத்தவன் நான். ஐந்தாம் சீலம் மதி மயக்கும் மதுவகைகளைக் குறிப்பது. புகையிலையோ போர்த்துக்கீசியர் வாயிலாக இந்நாட்டிற்கு வந்தது. பகவான் காலத்தில் அது இங்கே இல்லை. ஆகவே சீலம் முறியவில்லை என்று எனக்கு நானே வாதாடிக்கொள்வேன். வாதத்தில் பிழையில்லை. ஆனால் அப்படி வாதாட வேண்டிய தேவை எனக்கு ஏன் வந்தது என்பதைத்தான் நெடுநாள் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பீடியைப் பற்றி ஒரு வார்த்தை முதலில் சொல்லிவிடுகின்றேன். 2016-17-ஆம் ஆண்டில் இந்தியாவில் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 7.7 பேர் பீடியும் 4 பேர் சிகரெட்டும் குடித்தனர். இலையில் சுற்றியதாதலால் பீடி தீங்கு குறைந்தது என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. அவ்விலை காற்றைப் புகவிடாதது. அடிக்கடி அணைந்துவிடும். அணையாதிருக்க விரைவிலும் ஆழ்ந்தும் இழுக்க வேண்டியிருக்கின்றது. அதனால் கரிப்புகை நஞ்சும் தாரும் மார்புக்குள் மிகுதியாகவே இறங்குகின்றன.

இனி உடலில் நடப்பது யாது என்று பார்ப்போம். இழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளையை எட்டிவிடுகின்றது. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகின்றது. பல ஆண்டுகள் இதற்குப் பழகிய மூளை, அது வராதபோது முறையிடுகின்றது. கடைசிப் பீடி அணைந்த சில மணி நேரத்திலேயே முறையீடு தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சமடையும். பின்னர் இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாகத் தணியும். எரிச்சல், அமைதியின்மை, உறக்கக் கேடு, மிகுந்த பசி, மலச்சிக்கல், ஒன்றிலும் மனம் நிலைகொள்ளாமை ஆகிய எல்லாம் அந்த முறையீட்டின் குரல்களே. நம் வாலிபர் நான்கு முறையும் மூன்றாம் நாளில் விழுந்தமைக்குக் காரணம் அவருடைய மனவலிமைக் குறைவு அன்று. மலையின் செங்குத்தான இடத்தில் நின்றுகொண்டு, வழி முழுவதும் இப்படியே இருக்கும் என்று அவர் எண்ணிவிட்டார்.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. நாள் முழுதும் ஒரே அளவாக வேட்கை இருப்பதில்லை. அஃது அலையலையாக வருகின்றது. ஒவ்வோர் அலையும் பெரும்பாலும் சில நிமிடங்களில், மிஞ்சினால் பத்து நிமிடங்களுக்குள், பீடி குடித்தாலும் குடிக்காவிட்டாலும் தானே இறங்கிவிடுகின்றது.

நூற்பாலையில் இதற்கு எனக்கு ஒரு சான்று கிடைத்தது. அன்று அதைச் சான்றென்று அறியாதிருந்தேன். பஞ்சு பறக்கும் இடத்தில் நெருப்பு ஆகாது. வாயிற்காவலர் தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வர். ரிங் பிரேம் பகுதியில் நூல் அறுந்த இடங்களை முடிந்துகொண்டே நான்கு மணி நேரம் நடப்பேன். பீடியின் நினைவே எழாது. சாப்பாட்டுச் சங்கு ஊதியவுடன் வாயூறும், கை தானே சட்டைப்பையைத் தடவும். ஒரு மணி நேரத்திற்கு முன் இல்லாத தவிப்பு சங்கோசையில் எங்கிருந்து பிறந்தது? இஸ்ரேல் நாட்டு விமானப் பணியாளர்களைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வொன்றும் இதையே கண்டது. புகைக்க இயலாத விமானத்தில் எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதைவிட, இறங்கும் நேரம் எவ்வளவு நெருங்கிற்று என்பதைக் கொண்டே அவர்களுடைய தவிப்பு கூடிற்று. நிக்கோட்டின் குறைவு ஒரு பாதி. கிடைக்கப்போகின்றது என்னும் குறிப்பு மற்றொரு பாதி.

மணிமேகலை கற்றோர் பன்னிரு நிதானங்களை அறிவர். அவற்றுள் வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்னும் ஐந்தையும் பீடியோடு பொருத்திப் பாருங்கள். காதும் மூக்கும் வாயில். தேநீர்க் கடையின் வாசனை வந்து மோதுவது ஊறு. அதனால் உண்டாகும் மெல்லிய இனிமையோ குறையோ நுகர்வு. "வேண்டும்" என்று எழுவது வேட்கை. கை நீள்வது பற்று. ஊறும் நுகர்வும் நம்மைக் கேட்டு வருவன அல்ல. சங்கு ஊதத்தான் செய்யும். வேட்கை எழுந்த பின் பற்று பிறக்குமுன் ஒரு சிறு இடைவெளி இருக்கின்றது. முதல் வாரத்தில் நாம் குடியிருக்க வேண்டிய வீடு அவ்விடைவெளியே.

அங்கே இருந்துகொண்டு செய்வது யாது? மச்சிம நிகாயத்தின் 20-ஆவது சூத்திரம் தகாத எண்ணங்களை அகற்ற ஐந்து வழிகளைக் கூறுகின்றது. புகையிலையைக் குறித்துச் சொல்லப்பட்டதன்று. எனினும் நமக்கு அப்படியே பொருந்துகின்றது. தச்சன் மெல்லிய ஆப்பைக் கொண்டு தடித்த ஆப்பை அடித்து வெளியேற்றுவது போல ஒரு நினைவைக் கொண்டு மற்றொன்றை அகற்றுவது முதல் வழி. அதன் தீங்கை நினைந்து அருவருப்பது இரண்டாவது. அதனைப் பாராமல் கண்ணை வேறிடத்தில் திருப்புவது மூன்றாவது. விரைந்து நடப்பவன் "ஏன் விரைகின்றேன்" என்று தன்னையே வினவி, மெல்ல நடந்து, நின்று, அமர்ந்து, படுப்பது போல எண்ணத்தைத் தணிப்பது நான்காவது. பல்லைக் கடித்து, நாவை மேலண்ணத்தில் அழுத்தி மனத்தை அடக்குவது ஐந்தாவது. பகவான் பல்லைக் கடிப்பதைக் கடைசியில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். நாமோ அதிலேதான் தொடங்குகின்றோம். மூன்றாம் நாளில் பல் வலித்தவுடன் விட்டுவிடுகின்றோம்.

எனக்கு மிகுதியும் உதவியது நான்காவது வழி. அலை எழும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வேன். பிறகு வேட்கை உடலில் எங்கே இருக்கின்றது என்று தேடுவேன். தொண்டையில் ஓர் இறுக்கம், நாவடியில் நீர், விரல்களில் ஒரு துடிப்பு, இவ்வளவே. "பீடி வேண்டும்" என்னும் பெரும் பூதத்தைப் பிரித்துப் பார்த்தால், கிடைப்பன இவ்விரண்டு மூன்று சிறு பொருட்கள்தாம். அவற்றை விரட்டாமலும் உபசரிக்காமலும் மூச்சோடு சேர்த்துக் கவனித்திருப்பேன். இறுக்கம் கூடும், இன்னும் கூடும், பின்பு எப்போது குறைந்தது என்று தெரியாமலே குறைந்திருக்கும். கடிகாரம் ஆறு நிமிடம் காட்டும். முதல் நாள் நான் எண்ணியபோது பதினேழு அலைகள் வந்தன. ஐந்தாம் நாள் எட்டு.

இந்த முறையை அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்தார் 88 பேரைக் கொண்டு சோதித்து 2011-இல் வெளியிட்டனர். மனக்கவனப் பயிற்சி பெற்றோர், வழக்கமான பயிற்சி பெற்றோரைவிட மிகுதியாக விட்டொழித்தனர் என்று கண்டனர். நம்மவர் இதைக் கேட்டு மார்தட்டிக்கொள்ளுதல் வேண்டா. பின்னர் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தோருக்கு அத்துணைத் தெளிவான முடிவு கிட்டவில்லை. ஆகவே தியானம் ஒன்றே போதும், மருந்து தேவையில்லை என்று எவரேனும் நம் மண்டபத்தில் சொன்னால், அவர் சொல்லை ஏற்காதீர்கள். நானே ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன். அச்சொல்லை நம்பியவர்களில் இருவர் மீண்டும் பீடிக்குத் திரும்பினர். அந்தப் பிழை என்னுடையது.

தச்சனின் மெல்லிய ஆப்பு இன்று மருந்துக் கடையிலும் கிடைக்கின்றது. நிக்கோட்டின் சூயிங்கம் என்பது அதன் பெயர். 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரு அளவுகளில் உண்டு. கண் விழித்த அரை மணிக்குள் பற்றவைக்கும் வழக்கமுடையோர்க்குப் பெரிய அளவு தேவைப்படலாம். மருத்துவரைக் கேட்டு வாங்குக. இதனைச் சாதாரண சூயிங்கம் போல ஓயாமல் மெல்லுதல் பெரும் பிழை. மெல்ல மெல்ல மிளகு போன்ற காரம் தோன்றும். தோன்றியவுடன் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கிய பின் மீண்டும் சிறிது மெல்ல வேண்டும். இவ்வாறு அரை மணி நேரம். அதற்குக் கால் மணி முன்பிருந்தே காபி, பழச்சாறு முதலியன கூடா. ஓயாமல் மென்று எச்சிலை விழுங்கியவர்கள் விக்கலெடுத்து, "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று எறிந்துவிடுகின்றனர். இருதய நோயாளரும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது. மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளும் உண்டு. பீடிக்குப் பதிலாக வாயில் புகையிலையை அடக்குவது மட்டும் மாற்றாகாது. அது தடித்த ஆப்பை எடுத்துவிட்டு இன்னொரு தடித்த ஆப்பை அறைவது.

தேநீர், காபி குடிப்போர் அறிய வேண்டியது ஒன்று. புகையிலுள்ள சில பொருட்கள் ஈரலைத் தூண்டிக் காபியின் சத்தை விரைவில் கழித்துவிடுகின்றன. புகை நின்றதும் அதே காபி உடலில் நெடுநேரம் தங்குகின்றது. படபடப்பும் உறக்கமின்மையும் மிகுகின்றன. பீடி இல்லாமையே காரணம் என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். முதல் வாரத்தில் காபியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மனநோய்க்கு மருந்து உண்போர், புகை நிறுத்தியதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்; சில மருந்துகளின் அளவை மாற்ற நேரும்.

இல்லத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். அந்த வாரத்தில் அவர் சோற்றுத் தட்டை ஓசையுடன் வைப்பார், காரணமின்றிச் சீறுவார். "இதற்குப் பீடியே குடித்திருக்கலாம்" என்று ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். என் மனைவியார் ஒருமுறை அப்படிச் சொல்ல, நான் அந்த வார்த்தையையே அனுமதிச் சீட்டாகக் கொண்டு கடைக்கு ஓடினேன்.

தவறி ஒன்றைக் குடித்துவிட்டால்? ஒரு பீடி ஒரு பீடியே. மீதிக் கட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு, எந்த வாயில் வழியாக அது நுழைந்தது என்று குறித்து வையுங்கள். எனக்கு அது ஒரு துக்க வீடு, நான்காம் நாள், சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது நண்பர் நீட்டினார். அதன் பின் துக்க வீடுகளுக்குக் கையில் ஏலக்காய் இல்லாமல் நான் சென்றதில்லை.

தனித்துப் போராட வேண்டியதில்லை. 1800-11-2356 என்னும் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். 2018 செப்டம்பர் முதல் பீடிக் கட்டின் மேலும் சிகரெட்டுப் பெட்டியின் மேலும் அவ்வெண் அச்சிடப்படுகின்றது. எத்தனையோ பேர் அதைக் கையில் வைத்துக்கொண்டே பற்றவைத்திருக்கின்றோம்.

நம் வாலிபர் ஐந்தாம் முறை விட்டிருக்கின்றார். இதை எழுதும்போது அவருக்கு ஒன்பதாம் நாள். அலைகளைக் குறித்து வைக்க ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். நேற்றுக் காட்டினார்: மூன்றாம் நாளின் பக்கத்தில் இடமே இல்லை, எட்டாம் நாளில் நான்கு கோடுகள், அவற்றுள் ஒன்று தேநீர்க் கடை. வரும் ஞாயிறன்று வகுப்பு முடிந்ததும் அவரும் நானும் அந்தக் கடைக்குச் சேர்ந்து செல்வதாக ஏற்பாடு.