சொந்த ஆடுகளமும் வந்த அணியும்: மண்ணியல் நோக்கில் ஒரு பாடம்

டெஸ்ட் கிரிக்கெட்டில், வேற்று நாட்டுக்குச் சென்று ஆடும் அணியைக் காட்டிலும் சொந்த நாட்டில் ஆடும் அணியே மிகுதியாக வெல்கிறது. இதற்குக் காரணங்கள் பல கூறப்படும். நெடும்பயணத்தின் அயர்ச்சி, பழகாத வெப்பம், நாட்டுக்கு நாடு வேறுபடும் பந்து, கூட்டத்தின் ஆரவாரம் ஆகியவை அவற்றுட் சில. நடுவர் ஒருபாற் கோடுவரோ என்னும் ஐயமும் முன்னர் இருந்தது. அதனைப் போக்க, இரு நடுவருள் ஒருவர் பிற நாட்டினராக இருத்தல் வேண்டுமென 1994இலும், இருவருமே அவ்வாறு இருத்தல் வேண்டுமென 2002இலும் விதி செய்யப்பட்டது. ஆயினும் சொந்தக் களத்தின் வலிமை மறைந்துவிடவில்லை. ஆகவே எஞ்சிய காரணங்களுள் தலையாயதாகிய மண்ணை இக்கட்டுரையில் ஆராய்வோம். மண்ணைப் பற்றி அறிந்த கள ஊழியர்க்கும், அதனை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இது புதிய செய்தியன்று; பழைய செய்தியின் புதிய பயன் எனலாம்.

இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932இல் இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஆடியது. முதல் வெற்றிக்கு இருபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1952 பிப்ரவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை ஓர் இன்னிங்சும் 8 ஓட்டங்களும் வேறுபாட்டில் வென்றதே அவ்வெற்றி. விநூ மன்காட் அதில் 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1959இல் கான்பூரில் ஜசு பட்டேல் 14 விக்கெட்டுகளை வீழ்த்த, ஆஸ்திரேலியா முதன்முறையாக இந்தியாவிடம் தோற்றது. வேற்று நாட்டில் இந்தியாவின் முதல் வெற்றியோ 1968இல்தான், நியூசிலாந்தின் டனீடன் நகரில் கிட்டியது. சொந்த மண்ணில் வெல்வதற்கும் பிறர் மண்ணில் வெல்வதற்கும் இடையே பதினாறு ஆண்டுகள்! பிற நாட்டினரும் இவ்வாறே தம் கோட்டைகளைக் காத்தனர். பிரிஸ்பேன் நகரின் காபா மைதானத்தில் 1988இல் தோற்ற ஆஸ்திரேலியா, 2021 சனவரியில் இந்தியாவிடம் தோற்கும்வரை அங்கு ஒரு டெஸ்டிலும் தோற்கவில்லை.

ஆடுகளம் என்பது 22 கஜ நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஒரு மண் பாத்தியே. அதன் குணத்தைத் தீர்மானிப்பன களிமண்ணின் அளவும், அக்களியின் வகையும், அதில் நிற்கும் ஈரமும் ஆகும். களித்துகள்கள் மிக நுண்ணியவை. ஈரமாக இருக்கும்போது உருளையால் அழுத்தினால் ஒன்றோடொன்று நெருங்கிப் படிந்து, காய்ந்தபின் கல்போல் இறுகும். இங்கிலாந்தின் ஆடுகளங்களில் களி ஏறக்குறைய முப்பது விழுக்காடு. ஆஸ்திரேலியக் களங்களில் அது ஐம்பதுக்கு மேலும் இருக்கும். ஆகவே அங்கே பந்து உயர்ந்தும் விரைந்தும் எழுகிறது.

எல்லாக் களியும் ஒரு தன்மையன அல்ல. கரிசலில் மிகுந்துள்ள மான்ட்மாரில்லோனைட் என்னும் கனிமம் நீரைத் தன் படலங்களுக்கிடையே ஏற்று உப்பும். நீர் நீங்கின் சுருங்கி வெடிக்கும். செம்மண்ணில் மிகுந்துள்ள கயோலினைட் அவ்வாறு பெரிதும் உப்புவதில்லை. சேப்பாக்கத்தில் இருவகை ஆடுகளங்களும் உள்ளன. செம்மண் களத்தில் பந்து நன்கு எழும்பும். கரிசற் களத்தில் தாழ்ந்தும் தாமதித்தும் வரும். ஓர் ஊரிலேயே இவ்வளவு வேற்றுமை எனில், கடல் கடந்து வருவோர் திகைப்பதில் வியப்பென்ன?

புல்லின் பணியையும் மறத்தலாகாது. புல்வேர் மண்ணை ஆழத்திலிருந்து சீராக உலர்த்துவதோடு, வெடித்த கட்டிகளைப் பிணைத்தும் நிறுத்துகிறது. களக் காப்பாளர் நீர் விடுவதை இரண்டு நாள் முன்னதாக நிறுத்தினாலோ, புல்லை ஒட்ட வெட்டினாலோ, ஐந்தாம் நாள் நேர வேண்டிய சிதைவு இரண்டாம் நாளே நேரும். மேற்பரப்பு பொடிந்தால் பந்துக்கும் மண்ணுக்கும் இடையே உராய்வு மிகும், சுழன்று வரும் பந்து அதைப் பற்றிக்கொண்டு திசை மாறும், வேகமும் குறையும். சிறுவயது முதல் இத்தகைய தரையில் ஆடியவன் பந்து வீச்சாளனின் விரலைக் கண்டே திருப்பத்தை உணர்வான். பசும்புல் தரையில் வளர்ந்தவன் பந்து தரையில் பட்டபின்னரே அறிவான். அதற்குள் காலம் கடந்துவிடும். 1988 சனவரியில் சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டிலேயே 136 ஓட்டங்களுக்கு 16 மேற்கிந்திய விக்கெட்டுகளை வீழ்த்தியது இவ்வாறே. அதே களத்தில் 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியரை வாட்டியது மண் மட்டுமன்று, வெயிலும் ஆகும். 210 ஓட்டங்கள் எடுத்த டீன் ஜோன்ஸ் உடல்நீர் வற்றி மருத்துவமனை செல்ல நேர்ந்தது.

அப்படியாயின் களத்தை மேலும் மேலும் உலர்த்திப் பொடியாக்கினால் சொந்த அணிக்கு மேலும் மேலும் நன்மை விளையுமா? விளையாது என்பதே அண்மைக் கால அனுபவம். 2017இல் புனேயில் ஸ்டீவ் ஓ'கீஃப் 70 ஓட்டங்களுக்கு 12 விக்கெட்டுகளை வீழ்த்த, இந்தியா 105க்கும் 107க்கும் சுருண்டது. 2023 மார்ச்சில் இந்தூர்க் களத்தில் மூன்றாம் நாளே ஆட்டம் முடிந்தது; வென்றது ஆஸ்திரேலியா. சொந்த நாட்டில் தொடர்ச்சியாகப் பதினெட்டுத் தொடர்களை வென்றிருந்த இந்தியாவை 2024இல் நியூசிலாந்து மூன்றுக்குப் பூச்சியம் என வென்றது. பெங்களூரில் ஈரத்தாலும் மேகமூட்டத்தாலும் 46 ஓட்டங்களில் இந்தியா வீழ்ந்தது வேறு கதை. ஆனால் புனேயில் மிட்செல் சான்ட்னர் 13 விக்கெட்டுகளும், மும்பையில் அஜாஸ் பட்டேல் 11 விக்கெட்டுகளும் வீழ்த்தியது சுழலுக்கென்றே ஆயத்தமான களங்களில் அன்றோ?

காரணம் எளிது. மிதமாகத் தேய்ந்த களத்தில் பந்தைத் திருப்புவதற்குத் திறமை வேண்டும். அத்திறமை சொந்த அணியிடம் மிகுதி. முற்றும் பொடிந்த களத்திலோ யார் வீசினும் பந்து திரும்பும். ஒன்று திரும்ப, மற்றொன்று நேரே செல்லும். அங்கே திறமையின் வேற்றுமை சுருங்கிவிடுகிறது. மேலும் ஆட்டம் குறுகக் குறுகத் தற்செயலின் பங்கு பெருகும். ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டுவதற்கும் பத்து முறை சுண்டுவதற்கும் உள்ள வேற்றுமையைக் கொண்டு கணக்காசிரியர் இதனை வகுப்பில் விளக்கலாம்.

மலைநாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டெஸ்ட் அன்று, ரஞ்சிக் கோப்பை ஆட்டம். எனினும் பாடம் ஒன்றே. வயநாட்டுக் கிருஷ்ணகிரியில் (தமிழ்நாட்டுக் கிருஷ்ணகிரி அன்று) 2019 சனவரியில் கேரளம் குஜராத்தை எதிர்த்து ஆடியது. வேகப்பந்துக்கு உதவிய அக்களத்தில் பேசில் தம்பியும் சந்தீப் வாரியரும் குஜராத்தை இரண்டாம் இன்னிங்சில் 81 ஓட்டங்களில் வீழ்த்தினர். கேரளம் முதன்முறையாக அரையிறுதியை எய்தியது. சில நாட்களிலேயே அதே மைதானத்தில் அரையிறுதி நடந்தது. எதிரணி விதர்பா. அவ்வணியில் உமேஷ் யாதவ் இருந்தார். கேரளம் 106, பின்னர் 91. ஆட்டம் இரண்டு நாளில் முடிந்தது. களம் மாறவில்லை, அதனைப் பயன்படுத்தும் தோள் எதிரணியில் வலிதாக இருந்தது, அவ்வளவே.

இனி வண்டிப்பெரியார்ப் பகுதிப் பள்ளிகளுக்கு உரிய ஒரு சோதனை. இரு பருவமழையும் பெய்யும் இவ்விடத்தில் புல்தரை ஆடுகளத்தை உலர்த்திக் காப்பது அரிது. சிமெண்டுத் தளத்தின் மேல் கயிற்றுப் பாய் விரித்து ஆடுவதே மழை மிகுந்த ஊர்களுக்கு எளிய வழி. பாயை இழிவாக எண்ண வேண்டா. 1956இல் கராச்சியில் பாய் விரித்த களத்தில்தான் ஃபசல் மகமூது 13 விக்கெட்டுகளை வீழ்த்த, ஆஸ்திரேலியா முதல் நாளே 80 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது. ஆனால் பாயில் மட்டுமே பழகிய மாணவன் சமவெளிக்கு இறங்கி மண் களத்தில் ஆடும்போது சுற்றுப்பயண அணியின் இடர்ப்பாடு முழுவதையும் அடைவான். அதன் காரணத்தை அவன் கையாலேயே தொட்டறியச் செய்யலாம்.

தேயிலைத் தோட்டத்து மண் ஒரு படி எடுக்க. இது அமிலத்தன்மை வாய்ந்தது; கயோலினைட்டும் இரும்பு ஆக்சைடும் மிகுந்தது. கரிசல் ஒரு படி வேண்டும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் உறவினர் உள்ள மாணவர் விடுமுறைக்குச் சென்று திரும்புகையில் கொண்டுவருவர். இரண்டையும் இடித்துச் சலித்து, தனித்தனியே நீர்விட்டுப் பிசைந்து, ஓர் அடி நீளமுள்ள இரு மரத்தொட்டிகளில் உட்புறம் எண்ணெய் தடவி நிரப்பி, மேற்பரப்பைக் கட்டையால் அழுத்தி நிழலில் உலர்த்துக. நாள்தோறும் தொட்டியின் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே தோன்றும் இடைவெளியை அளந்து குறிக்க. கரிசலில் அது மிகுதியாகவும் தோட்டத்து மண்ணில் குறைவாகவும் இருக்கும். நன்கு உலர்ந்தபின் நான்கடி உயரத்திலிருந்து பந்தை இரண்டின்மீதும் விட்டு, எழும் உயரத்தை அளக்க. பின்னர் மேற்பரப்பை ஆணியால் கீறிப் பொடியாக்கி மீண்டும் அளக்க. இறுதியாகக் கரிசலின் வெடிப்பில் ஒரு குவளை நீர் ஊற்றி ஓர் இரவு வைத்தால், மறுநாட் காலையில் வெடிப்பு பெரிதும் மூடியிருப்பதைக் காணலாம். நான்கு அளவுகளையும் நாளும் மழையும் குறித்து, மாணவர் தம் குறிப்பேட்டில் பதிந்து வைப்பாராக.