வலது கை என்று எழுதிய வைத்தியர்



ஓய்வுநாளில் ஜெப ஆலயத்திலே இயேசு சுவாமி சொஸ்தமாக்கிய சூம்பின கையுடைய மனிதனைப் பற்றி மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது வலது கை என்று குறித்திருப்பவர் லூக்கா ஒருவரே. கொலோசெயருக்கு எழுதுகையில் பவுல் அவரை வைத்தியன் என்றே குறிப்பிடுகிறார். எந்தக் கை என்று கவனிப்பது வைத்தியருக்குரிய பழக்கம் அல்லவா?

நரம்பு, தசை நோய்களுக்கென்று ஒரு டாக்டரைத் தனியாகப் பயிற்றுவிப்பது ஏன் என்ற கேள்விக்கு இதுவே முதல் பதில். பலவீனம் எங்கே தொடங்கியது, எத்தனை நாளாக, எந்தப் பக்கம் பரவியது என்று பொறுமையாகக் கண்டறிவதே அப்பயிற்சியின் அஸ்திபாரம்.

ஒரே முறையீடு, வெவ்வேறு நோய்

மூளையின் கட்டளை தண்டுவடத்துக்கு வந்து, நரம்பு வழியாகச் சென்று, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைக் கடந்து, தசையை அசைக்கிறது. இவற்றில் எது பழுதானாலும் நோயாளி சொல்வது ஒன்றுதான்: "ஐயா, கை கால் வலுவில்லை." சிகிச்சையோ ஒன்றல்ல.

1. நரம்பில் பழுது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்துபோன சில நாட்களில் கால்கள் தளர்ந்து, தளர்ச்சி மேலேறுமானால், அது கில்லன்-பாரே நோயாக இருக்கலாம். 1916-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். இதில் உயிருக்கு ஆபத்து காலில் அல்ல, மூச்சில். பயிற்சி பெற்றவர் நோயாளியை ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுவார். காலையில் 30 வரை எண்ணியவர் மாலையில் 15-இல் நின்றுவிட்டால், இரவுக்குக் காத்திராமல் செயற்கைச் சுவாசக் கருவியை ஆயத்தப்படுத்துவார். அந்த நாட்களைக் கடந்தால் பெரும்பாலோர் மீண்டும் நடக்கிறார்கள்.

2. சந்திப்பில் பழுது. காலையில் சுறுசுறுப்பாக இருப்பவருக்கு மாலையில் இமை தொங்குகிறது, சோறு மெல்ல முடிவதில்லை. வீட்டார் சோம்பல் என்பார்கள், சிலர் பேய் என்பார்கள். இது மயஸ்தீனியா கிராவிஸ். கியூராரே என்ற அம்பு விஷம் உண்டாக்கும் தளர்ச்சியைப்போல இது இருப்பதைக் கவனித்து, 1934-இல் லண்டனில் டாக்டர் மேரி வாக்கர் அவ்விஷத்துக்கு மாற்றான மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோயாளியின் பலம் சிறிது நேரம் திரும்பியது. அதே விதத்தில் வேலைசெய்யும் மாத்திரைகள் இன்றும் கொடுக்கப்படுகின்றன.

3. தசையில் பழுது. ஓடியாட வேண்டிய சிறுவன், தரையிலிருந்து எழும்போது தன் தொடைகளையே கைகளால் ஊன்றி எழுகிறான். கெண்டைக்கால் மட்டும் பருத்திருக்கிறது. இது டூஷேன் தசை நோயின் அடையாளம். இதை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. ஆயினும் ஸ்டீராய்டு மருந்தும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் அவன் நடக்கும் ஆண்டுகளை நீட்டுகின்றன. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர் கேட்ட கேள்வியைத்தான் இந்தத் தாயும் போதகரிடம் கேட்கிறாள்: யார் செய்த பாவம்? மரபணுவின் கோளாறு என்று விளங்கச் சொல்ல ஒரு டாக்டர் இருந்தால், அந்தத் தாயின் மேலுள்ள ஒரு பாரம் இறங்கும். பொய் நம்பிக்கை விற்பவர்களிடம் அவள் நிலத்தையும் நகையையும் இழக்கமாட்டாள்.

பயிற்சியின் நீளம்

எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. 3 ஆண்டு, அதற்குமேல் நரம்பியலில் டி.எம். 3 ஆண்டு. ஆக 11½ ஆண்டு. நரம்பில் சிறு மின்சாரம் செலுத்தி அதன் வேகத்தை அளப்பதும், தசையில் மெல்லிய ஊசி வைத்து அதன் ஓசையைக் கேட்பதும் இப்பயிற்சியில் அடங்கும். ஆனாலும் கருவி வருமுன் கைதான் தொடவேண்டும். முழங்கைக்குப் பின்னே தடித்த நரம்பைத் தடவிப் பார்த்தே தொழுநோயைக் கண்டுகொள்ளலாம். காலதாமதமின்றி மருந்து தொடங்கினால் விரல்கள் மடங்குவதைத் தடுக்கலாம்.

நம் நாட்டில் இவ்வகை ஊழியத்துக்கு வேலூர் சி.எம்.சி. முன்னோடி. டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் அங்கே வந்து, தொழுநோயால் மடங்கிய கைகளுக்குத் தசைநாரை மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையை வளர்த்தார். கனடாவின் மாண்ட்ரியாலில் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவை அங்கே தொடங்கினார். இவர்கள் தாங்கள் கற்றதைப் பிறருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். சிகிச்சை பெற்றவன் ஒருவன் எழுந்து நடக்கிறான். பயிற்சி பெற்றவரோ, பணி ஓய்வு வரை பலரை எழுப்பிவிடுகிறார்.

கட்டடத்துக்குக் கொடுத்த காணிக்கைக்குக் கல்வெட்டு உண்டு. பயிற்சிக்குக் கொடுத்ததற்குக் கல்வெட்டு இல்லை. ஒரு டாக்டர் படிக்கப்போகும் 3 ஆண்டுகளும் மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு ஆள் குறைவு, மற்றவர்களுக்கு இரவுப்பணி கூடுதல். அதன் பலன், ஏதோ ஓர் இரவில், "15-இல் நிறுத்திவிட்டார், உடனே கருவியைக் கொண்டுவாருங்கள்" என்ற சொல்லில் வெளிப்படும்.

ஐக்கியக் கூட்டத்தில் சிந்திக்க

1. நமது சபையில் "சோம்பேறி" என்று பேரெடுத்த ஒருவருக்கு வைத்தியர் பார்க்கவேண்டிய பலவீனம் இருக்கக்கூடுமா?
2. குணமாகாத நோயுள்ள குடும்பத்தை, ஜெபித்துவிட்டு வருவதோடு நிற்காமல், எப்படித் தாங்கலாம்?
3. நம் கண் காணாத பலனுக்காகக் கொடுக்க நமக்கு மனம் உண்டா?