முதியோர் வாய்மொழியைத் திரட்டும் முறை

சிங்கப்பூரின் வடகரையிலுள்ள செம்பவாங்கில் பிரிட்டிஷார் பெருங் கடற்படைத்தளம் அமைத்தனர். 1938இல் அதன் உலர்துறையைத் திறந்துவைத்த ஆளுநரின் பெயரை ஏடுகள் கூறும். அங்கே கப்பல்களின் துருவைச் சுரண்டிய தமிழரும் மலையாளிகளும் வாழ்ந்த வாழ்வை முதியோரே கூறவேண்டும். 1979இல் தோன்றிய சிங்கப்பூர் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு இத்தகைய நினைவுகளை ஒலிநாடாவில் பதியலாயிற்று. ஓர் ஏடும் எழுதுகோலும் கொண்டு மாணவரும் இதனைச் செய்யலாம்.

"தாத்தா, வரலாறு சொல்லுங்கள்" என்றால், "நமக்கேதப்பா வரலாறு?" என்று அவர் ஒதுங்கிவிடுவார். காலையில் சங்கு ஊதியதும் என்ன செய்தீர்கள், சம்பள நாளில் வாசலில் வந்து நின்றவர் யார் என்று கேளுங்கள். ஆண்டை நேரே கேட்பதும் வீணே. 1942இல் ஜப்பானியர் வந்ததற்கு முன்னா, பின்னா என்று வினவினால் காலம் தானே புலப்படும்.

1971க்குள் வெளியேறுவதாகப் பிரிட்டிஷார் 1968 ஜனவரியில் அறிவித்தனர். ஏட்டில் இஃது ஒரு வரி. வேலை போகும் என்ற செய்தியை வீட்டில் எவ்வாறு சொன்னார்கள்? குடியிருப்பை விட்டு எங்கே போனார்கள்? யார் தாயகம் திரும்பினர்? இவ்விடத்தில் தாத்தாவைவிடப் பாட்டியை நாடுவதே நன்று. அடுப்பு எரிந்ததா என்பதை அறிந்தவர் அவரே.

அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். இலக்கணம் திருத்த வேண்டா. இருவர் கூற்று மாறுபட்டால் இரண்டையும் குறியுங்கள். கண் கலங்கினால் எழுதுகோலைக் கீழே வையுங்கள். முடிவில் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். "இதை எடுத்துவிடப்பா" என்று அவர் சொல்லும் பகுதியை எடுத்துவிட வேண்டும்.