கைத்தொழிலுக்கு ஒரு பொதுக் கூடம்

 

நமது அறக்கட்டளைக்குச் சொந்தமான மாடிக் கூடம் சில மாதங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. குடோன் வைக்க ஒருவர் வாடகைக்குக் கேட்டு வந்திருக்கிறார். அதே கூடத்தை, தையல், ஆரி வேலை, ஓவியம், எழுத்து வேலை செய்யும் நம் மஹல்லா மக்கள் சேர்ந்திருந்து உழைக்கும் பொதுப் பணிக்கூடமாக ஆக்கலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். வாடகை வந்தால் விதவைகளுக்கான மாத உதவிக்குப் பயன்படும். ஆகவே அதை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. முடிவெடுக்கும் முன் நாம் எல்லோரும் விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தப் பாடம்.

முதலில் எங்கள் தவறு

சில ஆண்டுகளுக்கு முன் தையல் மிஷின்கள் வாங்கிக் கொடுத்தோம். அவற்றில் பல இன்று அந்த வீடுகளில் இல்லை, விற்கப்பட்டுவிட்டன. வாங்கியவர்களை அப்போது குறை சொன்னோம். வீடுகளுக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஒரே அறை உள்ள வீட்டில் மிஷின் வைத்தால் பாய் விரிக்க இடமில்லை. ஆரி வேலைக்கு நான்கு பக்கமும் துணியை இழுத்துக் கட்டும் சட்டம் வேண்டும். சோற்று நேரத்துக்கும் தூங்கும் நேரத்துக்கும் அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். மழைக்காலத்தில் துணி ஈரம் கோர்த்துவிடும். கல்யாண ரவிக்கை கறைபட்டால் கூலியும் போய், பேரும் போய்விடும். நாங்கள் மிஷின் கொடுத்தோம். அதை வைக்க இடம் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

போர்டு எழுதி வந்த சகோதரர்களின் நிலையும் இதுவே. ஃபிளெக்ஸ் வந்தபின் கடைத்தெரு வேலை குறைந்தது. அழகான கையெழுத்து இன்னும் அவர்களிடம் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத்தான் ஓர் இடம் இல்லை.

சோழமண்டலம் சொல்லும் பாடம்

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கிய பழைய நிறுவனம். அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் ஒன்றைக் கவனித்தார். திறமையான மாணவர்கள் படித்து முடித்ததும் பிழைப்புக்காகக் கலையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். படம் விற்றுச் சாப்பிட முடியாது என்பதே காரணம்.

அவரும் சக கலைஞர்களும் மாணவர்களும் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி போன்ற, மக்கள் வாங்கக்கூடிய பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தைக் கொண்டு, அன்று ஊருக்கு வெளியே இருந்த ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். வீடுகளும் பணிக்கூடங்களும் காட்சிக்கூடமும் திறந்தவெளி அரங்கமும் எழுந்தன. பிழைப்புக்குக் கைவினை, மீதி நேரத்தில் தங்கள் ஓவியமும் சிற்பமும் என்று வாழ்ந்தார்கள். இந்திய ஓவிய உலகில் பெயர்பெற்ற ஜே. சுல்தான் அலி அவர்களும் அங்கே வாழ்ந்து பணியாற்றியவரே. பணிக்கர் 1977-ல் காலமானார். கிராமம் இன்றும் இருக்கிறது.

அது நிலைத்ததற்குக் காரணம் என்ன? இடத்துக்கான பணத்தில் அங்கே உழைத்தவர்களின் வியர்வை இருந்தது. விற்கும் வேலை, உடனே விற்காத வேலையைத் தாங்கியது. இந்த இரண்டும் நமக்குப் பாடம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இடம் தனித்தனி வீடுகளாகப் பிரிந்துவிட்டால், பின்னால் வரும் இளைஞருக்கு நுழைய வழி குறையும். ஆகவே நம் கூடத்தில் எவருக்கும் நிரந்தர இடம் என்பது கூடாது.

பக்கத்திலேயே ஒரு சூளை

புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் இருவரும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். கல் போல் இறுகும் பாண்டம் சுடச் சுமார் 1,300 டிகிரி வெப்பம் வேண்டும். அப்படிப்பட்ட சூளையைப் புதிதாகக் கற்பவர் தனியாகக் கட்டிவிட முடியாது. அங்கே கற்றுத் தேர்ந்தவர்கள் பலர் பின்னர் நம் மாவட்டத்து ஆரோவில் பக்கத்தில் சொந்தப் பட்டறை அமைத்தார்கள். ஒருவரால் வாங்க முடியாத கருவி பொதுவில் இருந்தால் பலர் தொழிலாளி ஆகிறார்கள். நமக்கு அந்தச் சூளை, ஓவர்லாக் மிஷினும் நல்ல வெளிச்சமும் பெரிய வெட்டு மேசையும்தான்.

மார்க்கம் காட்டும் வழி

உதவி கேட்டு வந்த ஓர் அன்சாரித் தோழரின் வீட்டில் ஒரு துணியும் ஒரு கிண்ணமும் மட்டுமே இருந்தன. நபி (ஸல்) அவர்கள் அவற்றை ஏலத்தில் இரண்டு திர்ஹத்துக்கு விற்று, ஒன்றில் வீட்டுக்கு உணவும் மற்றொன்றில் கோடாரியும் வாங்கச் சொன்னார்கள். தம் கையாலேயே அதற்குக் காம்பு பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டப் போகுமாறு அனுப்பினார்கள். பதினைந்து நாள் கழித்து அவர் பத்து திர்ஹம் சம்பாதித்து வந்தார். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. அவருடைய பொருளே அவருக்குக் கருவி ஆனது. காம்பு பொருத்தும் வேலைதான் ஓர் அறக்கட்டளையின் வேலை.

பணம் எங்கிருந்து என்ற கேள்வியிலும் கவனம் தேவை. ஜகாத் உரியவரின் கைக்கு உடைமையாகப் போய்ச் சேர வேண்டும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் நிலை. ஆகவே கூடத்தைச் சீரமைக்க ஜகாத்தைத் தொட மாட்டோம்; அதற்கு ஸதக்காவும் நன்கொடையுமே. தொழில் தெரிந்த ஏழைக்கு அவருடைய தொழிலுக்கான கருவி வாங்கும் அளவுக்கு ஜகாத் கொடுக்கலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதியுள்ளார்கள். எனவே கருவி அவருடையது, கூரை பொதுவானது என்று பிரித்துக்கொள்ளலாம்.

எங்கள் யோசனை

கூடத்தை ஒரு வருடம் சோதனையாகத் திறக்கலாம். காலை முதல் அஸர் வரை பெண்களுக்கு, மஃரிபுக்குப் பின் ஆண்களுக்கு. இடம் ஒருவருக்கு ஆறு மாதம். காத்திருப்பவர் இல்லையென்றால் நீட்டிக்கலாம். கரண்ட் பில்லும் பழுதுபார்ப்பும் பயன்படுத்துவோர் தரும் சிறு கட்டணத்தில் நடக்க வேண்டும். சாவியும் கணக்கும் அவர்களே தேர்ந்தெடுக்கும் இருவரிடம் இருக்கட்டும். மாதம் ஒருமுறை கணக்கைப் பலகையில் ஒட்ட வேண்டும். இடம் பெற்ற ஒவ்வொருவரும் வாரம் ஒருமுறை ஒரு பிள்ளைக்காவது தொழில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வாடகை வராததால் விதவை உதவியில் விழும் துண்டை மறைக்க விரும்பவில்லை. அந்த உதவி ஒரு மாதமும் நிற்கக் கூடாது. இந்த ஒரு வருடத்துக்கு அதை ஈடுகட்ட மாதச் சந்தா தரும் குடும்பங்கள் முன்வந்தால் மட்டுமே கூடத்தைத் திறப்போம். வரவில்லையென்றால் குடோனுக்கே விடுவோம். உதவிப் பட்டியலில் இருக்கும் சகோதரிகளில் தையல் தெரிந்தவர்களும் உண்டு. அவர்கள் பெயர் அவர்கள் விருப்பப்படியே பட்டியலிலிருந்து நீங்கும் நாள் வரவேண்டும் என்பதே எங்கள் ஆசை.

வீட்டில் பேச

1. நம் வீட்டில் யாருக்கு என்ன கைத்தொழில் தெரியும்? எதனால் அது நின்றுபோயிருக்கிறது?
2. இடம் கிடைத்தால் வாரத்தில் எத்தனை மணி நேரம் வர முடியும்?
3. மாதச் சந்தாவில் நம்மால் இயன்றது எவ்வளவு?

பதில்களைப் பெண்களும் எழுதித் தரவேண்டும். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் ஒவ்வொன்றையும் வாசிப்போம், இன்ஷா அல்லாஹ். உழைத்து உண்ணும் கண்ணியத்தை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

நிர்வாகத்தின் சார்பில்,
செயலாளர்