சரளைப் பாதை அமைக்கும் முறை

மதுரைச் சமவெளியில் பாறை சிதைவுற்று உண்டாகும் சரளையைக் கொண்டு, வீட்டினின்றும் களத்திற்குச் செல்லும் பாதையைக் குடியானவர்கள் தாமே அமைத்துக்கொள்ளலாம். இதற்கு முதல் விரோதி தேங்கும் நீரேயாகும். 2024 அக்டோபர்ப் பெருமழையில் செல்லூர்த் தெருக்களில் வெள்ளம் தேங்கியதை யாவரும் அறிவர்.

ஆகவே, மேல்மண்ணை நான்கு அங்குலம் அகற்றி, அடித்தரையைத் திமிசுக்கட்டையால் இறுக்குக. சரளையை இரண்டு அங்குலக் கனமாகப் பரப்பி, நீர் தெளித்து, இடித்துக் கெட்டிப்படுத்துக. இவ்வாறு படைபடையாக, நிலமட்டத்திற்குச் சற்று மேலெழும் வரை செய்க. ஒரே தடவையில் கொட்டினால் அடிப்பாகம் இறுகாது. மழையில் குழி விழும். களிப்பசை அற்ற சரளை பிணையாது; மிகுந்தது சேறாகும். நான்கடி அகலப் பாதையில் நடுப்பாகம் ஓர் அங்குலம் உயர்ந்திருத்தல் வேண்டும்.

கண்மாயிலோ புறம்போக்கிலோ அனுமதியின்றிச் சரளை வெட்டுதல் 1959ஆம் ஆண்டுச் சிறு கனிமச் சலுகை விதிகளுக்கு மாறாகும்; கிராம அதிகாரிகள் இதனைக் கவனிப்பாராக.